நாளைக்காரர் வீட்டுக் கேசட்

கேசட்டுக்குச் சட்டை தைத்துப் போட்ட வீடு அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான். நீலப் பூப் போட்ட துணி, உள்ளே மெத்தென்று ஃபிளானல், வாயில் ஒரு அழுத்துப் பொத்தான். வீட்டுக்காரியே தையல்காரி, தெருவுக்கெல்லாம் தையலக்கா, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். கட்டின புருஷனுக்குக் கிழியாத சட்டை ஒன்று கிடையாது, கேசட்டுக்கு என்ன கேடு என்று மற்றவர்கள் கேட்டார்கள். இந்த இரண்டாவது கட்சிக்குத் தலைவி எதிர்வீட்டு அம்மாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் கடைசிச் செய்தி வரைக்கும் நிறுத்தமாட்டாள்.

தையலக்காவின் புருஷன் டிவி மெக்கானிக். தெருமுனையில் கடை. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பார். நாளைக்குப் போனாலும் அதையேதான் சொல்வார். அப்படித்தான் நாளைக்காரர் என்ற பெயர் வந்தது. தொழில் தெரியாதவர் என்று யாரும் சொல்லமுடியாது. செத்த பெட்டியை எழுப்பி உட்காரவைத்துப் பாடவைப்பார். ஆனால் ஒரு திருகைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தபடியே அரை நாள் உட்கார்ந்திருப்பார். அது ஒரு சுபாவம். மருந்து கிடையாது.

கேசட்டில் இருந்தது ஒரு நாடகம். தலை நரைத்தவர்கள் எல்லோருக்கும் 'வாடகைக்கு மேல்மாடி' ஞாபகம் இருக்கும். கஞ்சப் பிசினாரி வீட்டுக்காரர் ஒருவர், ஒழுகுகிற மேல்மாடி ஒன்று. வாரம் ஒரு குடித்தனம் வரும், அவரோடு மல்லுக்கட்டும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடும். அவ்வளவுதான் கதை. அது ஓடுகிற நேரத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது. ஆனால் டிவி நிலையத்தில் அப்போது டேப்புக்குப் பஞ்சம். ஒளிபரப்பு முடிந்த நாடகத்தின் மேலேயே அடுத்த வாரம் கால்பந்தாட்டத்தை ஏற்றிவிடுவார்கள். இப்படியே மொத்த நாடகமும் அழிந்துபோனது. அழித்தவர்களெல்லாம் ஓய்வு பெற்று, நம்முடைய கலைச்செல்வம் இப்படிக் காணாமல் போய்விட்டதே என்று இப்போது பேட்டி கொடுக்கிறார்கள்.

அதில் ஒரு வாரம் நாளைக்காரரின் இளைய மகள் நடித்தாள். நடித்தாள் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் நிலையத்துக்கு மானிட்டர் பழுதுபார்க்கப் போனபோது, பள்ளி விடுமுறை என்று கூடவே தொற்றிக்கொண்டு போயிருந்தாள். நடிக்கவேண்டிய குழந்தைக்கு அன்று காய்ச்சல். இயக்குநர் தலையில் கைவைத்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தவள் கண்ணில் பட்டாள். மேல்மாடியிலிருந்து படி இறங்கவேண்டும், வீட்டுக்குள்ளேயே குடையை விரிக்கவேண்டும், "மாமா, உங்க வீட்ல தினமும் மழை பெய்யுமா?" என்று கேட்கவேண்டும். குடை பாதி விரிந்து சிக்கிக்கொண்டது. அதை ஒரு உலுக்கு உலுக்கினாள், வந்த சிரிப்பைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள், கேட்டாள். ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள்.

ஒளிபரப்பான அன்று, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வீடியோ மெஷினை வீட்டுக்குத் தூக்கிவந்து அதைப் பதிவு செய்தார் நாளைக்காரர். மெஷின்காரர் நடையாய் நடந்து பார்த்தார். நாளைக்கு, நாளைக்கு என்றே அது இங்கேயே குடியேறிவிட்டது. கடைசியில் அந்த மனிதர் வேறு வாங்கிக்கொண்டு, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் சின்னவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது அவளுடைய செருப்புதான். சுவரில் ஒரு போட்டோ, பிறகு இந்தக் கேசட். அவள் நடமாடிச் சிரித்துப் பேசுவது இது ஒன்றில்தான் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாளைக்காரர் யாரிடமும் சொன்னதில்லை.

மதியம் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் தையலக்கா தையல் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேசட்டைப் போடுவாள். படி இறங்குகிற இடத்துக்கு ஓட்டிப்போய், குடை பாதி விரிந்ததும் பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்திவைப்பாள். படம் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். அதன் எதிரே உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், காஜா எடுப்பாள், டீ குடிப்பாள். அழமாட்டாள். மகள் பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தாய் அழுவாள்?

ஒரு மதியம் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வந்தவர் இதை வாசலிலிருந்தே பார்த்தார். படம் நின்றாலும் மெஷினுக்குள் இருக்கிற உருளை நிற்காது. டேப்பின் அந்த ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டு சுற்றும். "பாஸ்ல போட்டுட்டு சமையல்கட்டுக்குப் போயிராதீங்கம்மா, அந்த இடம் தேஞ்சு வெள்ளையாயிரும்" என்று தெருவில் மெஷின் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவரேதான் பாடம் நடத்தியிருக்கிறார். மனைவியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. என்னவென்று சொல்வது? பார்க்காதே என்றா? ஒரு காப்பி எடுத்துவைத்துவிட்டால் தீர்ந்தது. இன்னொரு மெஷின் வேண்டும், கடையில் எப்போதும் ஒன்று கிடக்கும். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்து, சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாளை வரவில்லை. தினமும் அச்சாக ஒரே இடத்தில் நிறுத்தமுடியுமா? ஒரு நாள் ஒரு நூல் முன்னே நிற்கும், ஒரு நாள் ஒரு நூல் பின்னே. படி இறங்குவதிலிருந்து சிரிப்பை அடக்குவது வரைக்கும் எல்லாமே தேய்ந்தது. மெஷினுக்கும் வயதாகிக் குரல் கட்டி, பேச்சும் கரகரப்பானது. பிறகு ஒரு நாள் அந்த இடத்தில் வெள்ளைப் பொரி மட்டும் கொட்டியது.

"ஏங்க, இந்த இடத்துல மட்டும் ஏன் இப்படிப் பொரியுது?"

"ஹெட்ல அழுக்கு."

"துடைச்சுப் பாருங்களேன்."

"துடைச்சாப் போகாது. நல்ல மெஷின்ல போட்டாத் தெரியும்."

"அப்போ உள்ள இருக்காளா?"

"இருக்கா, இருக்கா. எங்க போயிடப்போறா."

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தையலக்கா மிச்ச வருஷங்களை ஓட்டினாள். கேசட்டுக்குச் சட்டை தைத்தது அன்றைக்குத்தான். பிறகு வீடியோ மெஷின் என்ற ஜாதியே உலகத்தில் இல்லாமல் போனது. நல்ல மெஷின் கேட்டு நச்சரிப்பதற்கும் வழியில்லை. நாளைக்காரர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்லமுடியாது. பழகிப்போயிருந்தார்.

அப்புறம்தான் அந்தக் கம்பெனி வந்து சேர்ந்தது. தொலைந்துபோன பழைய நாடகங்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்காக வெளியிடுகிற கம்பெனி. யார் வீட்டுப் பரணிலாவது 'வாடகைக்கு மேல்மாடி' இருந்தால் தெரிவிக்கவும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதை ரேடியோ படித்துவிட்டாள். ரேடியோ படித்தால் தெருவே படித்த மாதிரி.

கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்தான். தையலக்கா கேசட்டை எடுத்துவந்து, பொத்தானைக் கழற்றி, தூங்குகிற குழந்தையைக் கொடுப்பதுபோல அவன் கையில் வைத்தாள்.

"அம்மா, இந்த வாரக் கதை வேற எங்கயுமே கிடைக்கல. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்றான் அவன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் ரேடியோ. அவள் அப்போது சொன்னது வேறு.

நாளைக்காரர் மூலையில் நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். "தம்பி, அதுல பூஞ்சை புடிச்சிருக்கும். வீணா எதுக்கு அலையிறீங்க?"

"பூஞ்சையெல்லாம் எடுத்துடலாம் சார். ஈரம் போக அடுப்புல வச்சு எடுப்போம்."

"அடுப்புலயா?" தையலக்கா கேசட்டைப் பாதி திரும்பப் பிடுங்கிவிட்டாள்.

"சமையல் அடுப்பு இல்லம்மா. இளஞ்சூடு. மெதுவா, ரொம்ப மெதுவா."

"புள்ளைக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரியா?"

"அப்படியே வச்சுக்குங்க."

"அந்த டேப்பே அறுந்து போற நிலைமையில இருக்கு" என்றார் நாளைக்காரர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. வர்ற வேலையைக் கெடுக்கிறதுக்குன்னே பேசுவீங்க." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நல்ல மெஷின்ல போட்டா எல்லாம் தெரியும்னு இவர்தான் சொன்னாரு. உங்ககிட்ட நல்ல மெஷின் இருக்கா?"

"எங்க மெஷினை விட நல்ல மெஷின் இனிமே செஞ்சாத்தான் உண்டும்மா."

தையலக்கா கணவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் இந்த ஒன்றாவது பலித்ததே என்ற பார்வை. அந்தப் பார்வையைத் தாங்காமல் அவர் ஜன்னல் கொண்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அதில் ஏதோ பழுது இருப்பதுபோல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சட்டையோடயே எடுத்துட்டுப் போங்க தம்பி. கழட்டி எங்கயாவது போட்டுடாதீங்க" என்று வாசல் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைக்கு போன் வந்த அன்று மழை. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"சார், மத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு. ஒரு இடம் மட்டும்தான் போயிருக்கு. உங்க பாப்பா படி இறங்குற இடம். வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு சார். பாஸ்ல ரொம்ப நேரம் வச்சிருந்தாங்களா?"

எதிரே மேஜையில் சால்டரிங் கம்பி புகைந்துகொண்டிருந்தது.

"சார்?"

"கேக்குது."

"சத்தம் அப்படியே இருக்கு. சத்தத்தோட தடம் ஓரமாப் போகுது, அதுக்கு ஒண்ணும் ஆகல. படத்துக்குத்தான் வழியே இல்ல. அந்த இடத்துக்கு மட்டும் ஓவியம் வரைஞ்சு போட்டுரலாம்னு மேனேஜர் சொல்றாரு. இப்பல்லாம் அப்படித்தான் செய்யிறாங்க. பாப்பா போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா ஓவியர் பார்த்துக்குவாரு."

"எங்க வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார், முதல்ல உங்ககிட்டதான்."

"சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."

"எப்ப சார் சொல்வீங்க?"

அவர் என்ன பதில் சொன்னார் என்பதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

சின்னவளின் போட்டோ தையல் மெஷினுக்கு நேர் மேலே தொங்குகிறது. அதை இறக்கினால் எதற்கு என்று கேட்பாள். எதற்கு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மூத்தவளின் பழைய பஸ் பாஸ் போட்டோ ஒன்று கிடந்தது, கிட்டத்தட்ட அதே வயதில் எடுத்தது. அக்கா தங்கச்சிதானே, ஒரே அச்சுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வந்து கேட்ட தம்பியிடம் அதைத் துடைத்துக் கொடுத்தார்.

மூத்தவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பக்கத்து ஊரில் குடித்தனம். டிஸ்க் வருகிறது என்றதும் அதைப் போட்டுப் பார்க்க ஒரு பிளேயர் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகும் முன்னால் கடைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"அப்பா, அம்மா போன்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? 'தங்கச்சி வர்றா, நீயும் வந்துரு'ன்னுச்சு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு."

"ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பா."

"நான் வர்றேன்னு சொன்னாக்கூட இவ்வளவு குஷியாப் பேசாதுப்பா. பார்த்து முடிச்ச அப்புறம் அது என்ன பண்ணும்? நீங்க எதாவது பக்குவமாச் சொல்லிவைங்க."

"சொல்றேன்."

"நாளைக்கா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது தையலக்கா ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குடையை உலுக்குவாளே, எந்தக் கையில? வலதா, இடதா?"

அவர் யோசித்தார். ஞாபகம் இல்லை.

"எனக்கும் மறந்து தொலைஞ்சிருச்சு. ராத்திரியெல்லாம் இதே நினைப்பா இருக்கு. போகட்டும், பார்த்தாத் தெரிஞ்சிரும்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. அவர் தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

டிஸ்க் வந்தது. அட்டைப்பெட்டியில், வழவழவென்று, வீட்டுக்காரராக நடித்தவரின் மூக்கு பெரிதாகப் போட்டு. கூடவே பழைய கேசட்டும், சட்டை கசங்காமல். தையலக்கா ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தெருவையே அழைத்திருந்தாள். திரைச்சீலையைத் துவைத்து மாட்டியிருந்தாள். உட்கார இடம் இருக்குமோ இருக்காதோ என்று ரேடியோ தன் வீட்டு நாற்காலியோடு வந்து, நடுவில் போட்டுக்கொண்டாள். நாளைக்காரர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னபோது இருக்கட்டும் என்றார்.

படம் அவ்வளவு துல்லியம். அந்தக் காலத்தில் பார்த்தபோதுகூட இப்படித் தெரியவில்லை. வீட்டுக்காரரின் பனியனில் இருந்த ஓட்டை தெரிந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுகுகிற இடம் தேடி ஓடியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையலக்கா சிரிக்கவில்லை. முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இறங்குகிற இடம் நெருங்கியவள் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

மேல்மாடிக் கதவு திறந்தது. திறந்ததும் படம் ஓவியமாக மாறியது.

"இது என்னடி, கார்ட்டூன் வந்துருச்சு?" என்றாள் ரேடியோ.

வரைந்த படிகளில் வரைந்த சிறுமி ஒருத்தி இறங்கினாள். குடையை விரித்தாள். குடை சிக்கவில்லை, பூ மாதிரி விரிந்தது. சிக்கிய குடையை உலுக்குகிற சத்தம் மட்டும் தனியாக எங்கிருந்தோ வந்தது. பிறகு, அடக்கிய சிரிப்போடு, அந்தக் குரல்.

"மாமா, உங்க வீட்ல தினமும் மழை பெய்யுமா?"

சிறுமியின் முகம் திரை முழுக்க வந்தது. இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. ஓவியர் போட்டோவைப் பார்த்து ஒன்றும் விடாமல் வரைந்திருந்தார். தையல் மேஜையில் இருந்த இஸ்திரிப்பெட்டியில் மூத்தவள் சின்ன வயதில் போய் விழுந்ததில் பட்ட வெட்டு அது. மூத்தவளின் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

"இது நான்" என்றாள்.

"அட, ஆமா. பெரியவளேதான்" என்றாள் ரேடியோ. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையலக்கா ரிமோட்டை வாங்கினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மறுபடியும்.

"குரல் அவளோடது" என்றாள். "குடை வலது கையில இருக்கு. வலது கைதான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பழைய வழக்கப்படி, குடை விரிகிற இடத்தில் நிறுத்திவைத்தாள். படம் நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

அந்த அமைதியில் எதையாவது ஆறுதலாகச் சொல்லியே ஆகவேண்டும் என்று நாளைக்காரருக்குத் தோன்றியது. ஆயுளில் முதல்முறையாக நாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே சொன்னார்.

"வச்சுக்கோ. இதுல எவ்வளவு நேரம் வேணா நிறுத்தி வைக்கலாம். டிஸ்க் தேயாது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டிஸ்க் தேயாதா?"

"தேயாது."

"அந்தக் கேசட் தேயுமா?"

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் வெளியே கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் தையலக்கா. கோபமாகக்கூட இல்லை. துணியின் அகலம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நான் ஒரு காப்பி எடுக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தைத் தெரு முழுவதும் மனசுக்குள் முடித்துக்கொண்டது.

ரேடியோ தன் நாற்காலியை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனாள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வீட்டைவிட்டு வெளியேறியது அன்றைக்குத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். மூத்தவள் அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, ஆஃப் பண்ணிடட்டுமா?"

"எதுக்கு? உன் முகம்தானே. இருந்துட்டுப் போகட்டும்."

மூத்தவள் அன்று மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். நாளைக்காரர் பஸ் நிறுத்தம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னலிலிருந்து, "என் போட்டோவை நீங்க வச்சிருந்ததே எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

டிஸ்க் நன்றாகப் போனதாகக் கேள்வி. தெருவிலும் நாலைந்து வீடுகளில் வாங்கினார்கள். அந்த ஓவியம் வருகிற இடம் மட்டும் கொஞ்சம் அபத்தமாக இருக்கிறது, அதை வெட்டியே எறிந்திருக்கலாம் என்று ஒரு பேப்பரில் விமர்சனம் வந்தது. ரேடியோ அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அதை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

தையலக்கா சண்டை போடுவாள், சாப்பாடு போடமாட்டாள் என்றெல்லாம் தெரு எதிர்பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை கேசட்டின் சட்டையைக் கழற்றி, துவைத்து, மடித்து, வெட்டுத்துணி மூட்டையில் சேர்த்தாள். கேசட்டைக் கணவரின் கையில் கொடுத்தாள். "கடையில எதுக்காவது ஆகும்னா வச்சுக்குங்க." பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்த முனையைப் பிடிங்க."

அவர் பிடித்தார். குறுக்கே அளந்தாள், நெடுக்கே அளந்தாள்.

"ஆடாமப் பிடிங்க" என்றாள்.

மதியத்துக்குள் தைத்துவிட்டாள். கனமான துணி, வெளிச்சம் புகாதது. டிவியின் மேலிருந்து கீழ்வரை இறுக்கமாக மாட்டினாள்.

இப்போது கடையில் யாராவது எதையாவது கொண்டுவந்தால் நாளைக்காரர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "இது ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்கிறார். பெயர் மட்டும் மாறவில்லை. மதியம் சாப்பிட வருகிறவர் வாசலோடு நின்றுவிடுகிறார். உள்ளே தையலக்கா மூடிய டிவிக்கு எதிரே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். துணிக்கு உள்ளிருந்து குடையை உலுக்குகிற சத்தம் கேட்கிறது. பிறகு அந்தக் கேள்வி கேட்கிறது. நாடகத்து வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறாள்.